பயிற்சிக் கணக்கும் பலிக் கணக்கும்: பயணிகள் கப்பல் விபத்துகளின் எண்கள்

2013-ஆம் ஆண்டில் தென் கொரியாவின் சொங்ஹேஜின் மரைன் நிறுவனம் தன் மாலுமிகளின் பயிற்சிக்குச் செலவிட்ட தொகை 5.41 லட்சம் வொன். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 520 அமெரிக்க டாலர். அதே ஆண்டில் விருந்துபசாரத்துக்கு 6.06 கோடி வொன், விளம்பரத்துக்கு 23 கோடி வொன் செலவானது. பயிற்சிக்கு 1 வொன் என்றால் விருந்துக்கு 112 வொன், விளம்பரத்துக்கு 425 வொன். அடுத்த ஆண்டு ஏப்ரல் 16 அன்று அந்த நிறுவனத்தின் ‘செவோல்’ கப்பல் 476 பேரோடு கவிழ்ந்தது. 304 பேர் இறந்தனர்.

கப்பல் மூழ்கியதும் அதிகாரிகளின் திறமை பற்றிய பேச்சு பெரும்பாலும் குணத்தைப் பற்றிய பேச்சாகிவிடுகிறது. கேப்டன் கோழை, அவருக்குக் கீழுள்ள அதிகாரியான மேட் கற்றுக்குட்டி என்பதோடு விவாதம் முடிந்துவிடும். ஆனால் திறமைக்கும் அளவைகள் உண்டு. கடலில் கழித்த மாதங்கள், நடத்திய ஒத்திகைகள், ஆபத்து தெரிந்ததிலிருந்து உத்தரவு பிறக்கும் வரை கடந்த நிமிடங்கள், இவற்றுக்கு ஒதுக்கிய பணம் ஆகிய நான்கும் எண்ணிப் பார்க்கக் கூடியவை. இந்த நான்கையும் ஒரே பேரேட்டில் எழுதிப் பார்த்தால் வரும் விடைதான் இந்தக் கட்டுரை.

செவோல்: 987 டன்னும் 2,142 டன்னும்

செவோலுக்குக் கொரியக் கப்பல் பதிவகம் அனுமதித்த சரக்கு 987 டன். கடைசிப் பயணத்தில் ஏற்றியிருந்தது 2,142 டன். அனுமதித்த அளவைப்போல் 2.17 மடங்கு, கூடுதல் 1,155 டன். கூடுதல் சரக்குக்கு இடம் கொடுக்கும் வகையில் கப்பலின் அடித்தொட்டிகளில் இருக்க வேண்டிய சமநிலை நீர், தேவையில் பாதிக்கும் கீழே குறைக்கப்பட்டிருந்தது. அதற்கு முன்பே பயணிகள் தளங்களை விரிவாக்கி, கொள்ளளவை 804 பேரிலிருந்து 921 பேராக, அதாவது 14.6 விழுக்காடு, உயர்த்தியிருந்தனர். மேலே எடை கூடி, கீழே எடை குறைந்த கப்பல் அது.

2013 மார்ச்சில் இன்சொன் - ஜேஜு தடத்தில் ஓடத் தொடங்கிய பிறகு செவோல் 241 முறை பயணம் செய்ததாகவும், அவற்றில் 139 முறை அளவுக்கு மீறிச் சரக்கு ஏற்றியதாகவும் அரசு வழக்கறிஞர்கள் கணக்கிட்டனர். இது 57.7 விழுக்காடு. அந்த மீறலால் கிடைத்த கூடுதல் வருமானம் 296 கோடி வொன் என்பதும் அவர்கள் சொன்ன கணக்கே. 5.41 லட்சம் வொன் பயிற்சிச் செலவைப்போல் இது ஏறத்தாழ 5,470 மடங்கு. எனவே பயிற்சிக்குப் பணம் இல்லை என்ற வாதம் இந்தப் பேரேட்டில் நிற்காது.

விபத்து நேரத்தில், கப்பலை இயக்கும் அறையான பிரிட்ஜில் பொறுப்பில் இருந்த தேர்ட் மேட்டுக்கு வயது 25. அதிகாரியாகச் சுமார் ஓராண்டு அனுபவம். விபத்து நடந்த, நீரோட்டம் கடுமையான கடற்கால்வாயில் அவர் கப்பலை வழிநடத்தியது அதுவே முதல்முறை என்று விசாரணையாளர்கள் தெரிவித்தனர். குறுகிய நீர்வழியில் கேப்டன் நேரில் நின்று கட்டளையிட வேண்டும். 69 வயதான கேப்டன் அப்போது தன் அறையில் இருந்தார். அவர் ஓராண்டு ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவர். வழக்கமான கேப்டன் விடுப்பில் சென்றதால் அவருக்குப் பதிலாக வந்தவர்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை தேவை. சுக்கானை அளவுக்கு மீறித் திருப்பியதால்தான் கப்பல் சாய்ந்தது என்பது அரசுத் தரப்பின் தொடக்க வாதம். 2015 ஏப்ரலில் குவாங்ஜு உயர் நீதிமன்றம், சுக்கான் இயந்திரக் கோளாறுக்கும் வாய்ப்பு இருப்பதால் இந்தத் தவறு ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகவில்லை என்றது. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆகவே கப்பல் சாய்ந்த கணத்தை முழுவதும் ஓர் இளம் அதிகாரியின் கணக்கில் எழுத முடியாது. அதற்குப் பிந்திய நிமிடங்களுக்கு இந்த ஐயம் பொருந்தாது.

88 நிமிடங்கள்

கப்பல் சாய்ந்தது காலை 8:49 மணிக்கு. கப்பலுக்குள்ளிருந்து வந்த கடைசிக் கைபேசிச் செய்தியின் நேரம் 10:17. இடைப்பட்டது 88 நிமிடங்கள். உதவி கேட்டு முதலில் அழைத்தவர் ஒரு பள்ளி மாணவர். அவசர எண் 119-க்கு அவர் பேசியது 8:52-க்கு. பிரிட்ஜிலிருந்து முதல் அழைப்பு போனது 8:55-க்கு. அதுவும் அருகிலிருந்த ஜிண்டோ கட்டுப்பாட்டு மையத்துக்குப் போகவில்லை, தொலைவிலிருந்த ஜேஜுவுக்குப் போனது. ஜிண்டோவோடு பேச்சு தொடங்கியபோது மணி 9:07. சாய்ந்ததிலிருந்து 18 நிமிடங்கள் அதற்குள் கடந்திருந்தன.

அந்த நேரம் முழுவதும் ஒலிபெருக்கியில் வந்த அறிவிப்பு ஒன்றுதான்: இருக்கும் இடத்திலேயே இருங்கள், அசையாதீர்கள். 9:46 வாக்கில் கேப்டன் கடலோரக் காவல் படையின் படகில் ஏறினார். அவர் உள்ளாடையோடு பிரிட்ஜிலிருந்து இறங்கி வருவது காவல் படையின் காணொளியில் பதிவாகியிருக்கிறது. அப்போது கப்பல் சாய்ந்து 57 நிமிடங்கள் ஆகியிருந்தன. பயணிகளை வெளியேற்றும் உத்தரவு அவர்களைச் சென்றடையவே இல்லை. வழக்கில் தாக்கலான கணினி மாதிரி ஆய்வின்படி, உரிய நேரத்தில் உத்தரவு வந்திருந்தால் 476 பேரும் 10 நிமிடத்துக்குள் வெளியேறியிருக்க முடியும். மாதிரி ஆய்வு நிஜமல்ல. சாய்ந்த படிக்கட்டில் கால் நழுவுவதையும் அச்சத்தையும் அது முழுதாக அளக்காது. தேவைப்படும் நேரத்தை மும்மடங்காக்கி 30 நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும், கையில் இருந்த 88 நிமிடங்களில் 58 நிமிடங்கள் மிச்சம்.

யார் பிழைத்தார்கள் என்ற கணக்கு இதைவிடத் துல்லியமாகப் பேசுகிறது. கப்பலை ஓட்டும் பிரிவைச் சேர்ந்த 15 பேரில் பிழைத்தவர் 15 பேர், 100 விழுக்காடு. டான்வொன் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 325 பேரில் பிழைத்தவர் 75 பேர், 23.1 விழுக்காடு. மொத்தம் 476 பேரில் பிழைத்தவர் 172 பேர், 36.1 விழுக்காடு. வழி தெரிந்தவர்கள் அனைவரும் தப்பினர். வழி காட்டப்படாதவர்களில் நால்வரில் ஒருவர்கூடத் தப்பவில்லை. இதற்கு விதிவிலக்காக நின்றவர்கள் உணவுக்கூடம், வரவேற்பு போன்ற சேவைப் பிரிவினர். 22 வயதான ஒரு பெண் பணியாளர் மாணவர்களுக்கு உயிர்காப்பு அங்கிகளை எடுத்துக் கொடுத்து, அவர்களை முன்னால் அனுப்பிவிட்டு இறந்தார். வழிசெலுத்தும் உரிமம் எதுவும் இல்லாத அவர் செய்ததை, கப்பலை ஓட்டும் பிரிவின் 15 பேர் செய்யவில்லை.

2015 நவம்பரில் கேப்டனுக்கு ஆயுள் தண்டனை உறுதியானது. குற்றம் கொலை என்று தீர்ப்பு. தண்டனையின் அளவில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் தீர்ப்பு ஒருவரைத்தான் எண்ணுகிறது, 5.41 லட்சம் வொன் என்ற வரி மொத்தக் கப்பலையும் எண்ணுகிறது.

கான்கார்டியா: 48 நிமிடங்களும் 696 பயணிகளும்

2012 ஜனவரி 13 இரவு 9:45-க்கு இத்தாலியின் ஜிலியோ தீவருகே ‘கோஸ்டா கான்கார்டியா’ பாறையில் மோதியது. நீளம் 290 மீட்டர், கப்பலில் 3,206 பயணிகளும் 1,023 பணியாளர்களுமாக 4,229 பேர். வேகம் ஏறத்தாழ 16 நாட், அதாவது மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். இடது பக்கத்தில் விழுந்த கிழிசலின் நீளம் 53 மீட்டர். பொது அபாயச் சங்கு ஒலித்தது 10:33-க்கு. மோதியதற்கும் சங்குக்கும் இடையே 48 நிமிடங்கள். கப்பலைக் கைவிடும் உத்தரவு வந்தது 10:54 வாக்கில். மோதியதிலிருந்து 69 நிமிடங்கள்.

இந்த 69-ஐ எதோடு ஒப்பிடுவது? உத்தரவு பிறந்ததிலிருந்து 30 நிமிடத்துக்குள் எல்லா உயிர்காப்புப் படகுகளும் ஆட்களோடு இறக்கப்பட வேண்டும் என்பது கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையின் அளவு. உத்தரவுக்கே 69 நிமிடங்கள் ஆனபின் சாய்வு கூடிவிட்டது, ஒருபக்கப் படகுகளை இறக்குவது கடினமாகிவிட்டது. வெளியேற்றம் மறுநாள் அதிகாலை வரை நீண்டது. 32 பேர் இறந்தனர், மொத்தத்தில் 0.76 விழுக்காடு. கப்பல் கரையோர ஆழமற்ற நீரில் தட்டி நின்றதால்தான் விழுக்காடு இவ்வளவு சிறியது. ஆழக்கடலாக இருந்திருந்தால் இதே 69 நிமிடங்கள் வேறொரு எண்ணைத் தந்திருக்கும். இறந்தவர்களில் கடைசியாகக் கிடைத்த உடல் ஓர் இந்தியப் பணியாளருடையது. அது 2014 நவம்பரில் கிடைத்தது.

விபத்து நாள் மாலை சிவிடாவெக்கியா துறைமுகத்தில் ஏறிய 696 பேருக்கு அவசரகால ஒத்திகை நடக்கவில்லை. பயணிகளில் இவர்கள் 21.7 விழுக்காடு, ஐவரில் ஒருவருக்கும் மேல். இது விதிமீறல் அல்ல. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அன்றைய விதி. ஒத்திகை மறுநாளுக்குத் திட்டமிடப்பட்டிருந்தது. 2015 ஜனவரி 1 முதல் விதி மாறியது: கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடத்த வேண்டும். 24 மணி நேரம் ஏறக்குறையப் பூஜ்யமாகக் குறைய 32 உயிர்கள் வேண்டியிருந்தன.

கேப்டனுக்குக் கிடைத்தது 16 ஆண்டு 1 மாதச் சிறை. அதன் பகுப்பு: மரணங்களுக்கு 10 ஆண்டு, கப்பலை மோதவிட்டதற்கு 5 ஆண்டு, பயணிகள் உள்ளே இருக்கக் கப்பலைவிட்டு வெளியேறியதற்கு 1 ஆண்டு, அதிகாரிகளிடம் பொய் சொன்னதற்கு 1 மாதம். நிறுவனம் 10 லட்சம் யூரோ அபராதம் செலுத்தித் தன் குற்றவழக்கை முடித்துக்கொண்டது. கப்பலைக் கட்டிய செலவு சுமார் 45 கோடி யூரோ. அபராதம் அதில் 0.22 விழுக்காடு.

ஆறு நாளில் அறிமுகமான கப்பல்

‘ஸ்காண்டிநேவியன் ஸ்டார்’ ஆஸ்லோ - ஃப்ரெடரிக்ஷாவ்ன் தடத்தில் ஓடத் தொடங்கியது 1990 ஏப்ரல் 1-இல். தீப்பற்றியது ஏப்ரல் 7 அதிகாலை சுமார் 2 மணிக்கு. இடையே 6 நாட்கள். 383 பயணிகள், 99 பணியாளர்கள். புதிதாகத் திரட்டப்பட்ட பணியாளர்களில் பலருக்கு நார்வே மொழியோ டேனிஷோ ஆங்கிலமோ தெரியாது. பயணிகளுக்குத் தெரிந்த மொழிகள் இவைதாம். 482 பேரில் 159 பேர் இறந்தனர், 33 விழுக்காடு. பெரும்பாலோரைக் கொன்றது புகை. எல்லாரும் வெளியேறிவிட்டதாகக் கேப்டன் அறிவித்துக் கப்பலைவிட்டு நீங்கியபோது உள்ளே பலர் இருந்தனர். தீயை வைத்தது யார் என்ற கேள்வி இன்றுவரை சர்ச்சையில் இருக்கிறது. தீ மூண்ட பிறகு 99 பேரால் ஓர் அணியாக இயங்க முடியவில்லை என்பதில் சர்ச்சை இல்லை. நீண்ட நடைவழிகள் கொண்ட அந்தக் கப்பலின் கதவுகளையும் படிகளையும் அறிந்துகொள்ள அவர்களுக்குக் கிடைத்தது சில நாட்களே.

நூறாண்டுக்கு முந்திய எண் ஒன்றும் இதே வரிசையில் வருகிறது. 1912-இல் டைட்டானிக்கின் 20 உயிர்காப்புப் படகுகளில் இருந்த இடம் 1,178 பேருக்கு. பிழைத்தவர் சுமார் 710. ஏறத்தாழ 468 இடங்கள், அதாவது 40 விழுக்காடு, பயன்படவில்லை. முதலில் இறங்கிய 7-ஆம் எண் படகில் 65 பேருக்கு இடம்; ஏறியவர் சுமார் 28. 1-ஆம் எண் படகில் 40 பேருக்கு இடம், ஏறியவர் 12. நிறையப் பேரோடு இறக்கினால் படகு தாங்காது என்று அதிகாரிகள் சிலர் நம்பினர். ஆனால் பெல்ஃபாஸ்டில் அந்தப் படகு 70 பேரின் எடையோடு இறக்கிச் சோதிக்கப்பட்டிருந்தது. சோதனையின் முடிவு இறக்கும் கையைச் சென்றடையவில்லை. விபத்து நடந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் படகு ஒத்திகையும் நடக்கவில்லை. படகுகள் போதவில்லை என்பதுதான் டைட்டானிக் பற்றி எல்லாரும் அறிந்த பாடம். இருந்த இடத்தையும் நிரப்பத் தெரியவில்லை என்பது அதற்கு அடுத்த பாடம்.

பிரிட்ஜில் எத்தனை பேர்

கனடாவின் ‘குயின் ஆஃப் த நார்த்’ 2006 மார்ச் 22 நள்ளிரவுக்குப் பின் கில் தீவில் மோதியது. செய்ய வேண்டிய திசை மாற்றம் ஒன்று செய்யப்படவில்லை. அதன்பிறகு 14 நிமிடங்கள் கப்பல் அதே திசையில் 17.5 நாட் வேகத்தில் சென்றது. கணக்கிட்டால் 4.1 கடல் மைல், அதாவது 7.6 கிலோமீட்டர். அந்தத் தூரம் முழுவதும் தீவு நேர் எதிரே இருந்தது. பிரிட்ஜில் இருந்தவர்கள் ஃபோர்த் மேட் ஒருவரும் சுக்கான் பிடித்தவர் ஒருவரும். 59 பயணிகள், 42 பணியாளர்கள் என 101 பேரில் 99 பேர் படகுகளில் தப்பினர். 2 பேர் கிடைக்கவே இல்லை. கப்பல் மூழ்கச் சுமார் 1 மணி 17 நிமிடங்கள் ஆயின. அந்த நேரம் பயன்படுத்தப்பட்டது. வழிசெலுத்துவதில் தோற்ற கப்பல், வெளியேற்றுவதில் பெரும்பாலும் வென்றது. 2013-இல் அந்த அதிகாரிக்கு 4 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

‘ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ்’ 1987 மார்ச் 6 மாலை 6:05-க்கு பெல்ஜியத்தின் சேபுரூக்கிலிருந்து புறப்பட்டது. 6:28-க்குக் கவிழ்ந்தது. 23 நிமிடங்கள், 539 பேர், 193 மரணம், 35.8 விழுக்காடு. வாகனங்கள் ஏறும் முன்கதவு திறந்தே இருந்தது. அதை மூட வேண்டிய உதவி போசன் தன் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். மூடுவதை உறுதிசெய்ய வேண்டிய சீஃப் ஆபீசர், கார்களுக்கு நடுவே ஒருவர் வருவதைப் பார்த்து, அவர்தான் உதவி போசன் என்று நினைத்து பிரிட்ஜுக்குப் போய்விட்டார். புறப்படும் நேரத்தில் பிரிட்ஜிலும் நிற்க வேண்டும் என்பது அவருக்கு இருந்த மற்றொரு உத்தரவு. அதே நிறுவனத்தின் கலே தடத்தில் கேப்டனுக்குக் கீழே 3 அதிகாரிகள். சேபுரூக் தடத்தில் 2 பேர். பயணம் நீளம், ஓய்வுக்கு நேரமுண்டு என்பது இதற்குச் சொல்லப்பட்ட காரணம். கதவு மூடியதா என்று பிரிட்ஜில் காட்டும் விளக்கைப் பொருத்தும்படி கேப்டன்கள் முன்பே கேட்டிருந்தனர். ஒரு கப்பலுக்கு ஆகும் செலவு சில நூறு பவுண்டுகள். விபத்துக்குச் சில நாட்களில் மற்றக் கப்பல்களில் அது பொருத்தப்பட்டது.

உலகின் மிகப்பெரிய அமைதிக்காலக் கப்பல் விபத்திலும் பிரிட்ஜின் எண்ணிக்கை வருகிறது. 1987 டிசம்பர் 20 அன்று பிலிப்பைன்ஸில் ‘டோன்யா பாஸ்’ கப்பல், 8,800 பீப்பாய் எரிபொருள் ஏற்றிய ‘வெக்டர்’ டாங்கரோடு மோதியது. டோன்யா பாஸின் அனுமதிக்கப்பட்ட அளவு 1,518 பேர். இரு கப்பல்களிலும் இறந்தோர் சுமார் 4,386 என மதிப்பிடப்படுகிறது. பிழைத்தவர் 26 பேர். விபத்து நேரத்தில் டோன்யா பாஸின் பிரிட்ஜைக் கவனித்தவர் பயிற்சி மாலுமி ஒருவர் மட்டுமே என்று விசாரணையில் வெளிவந்தது. வெக்டரிலோ செல்லுபடியாகும் உரிமமும் இல்லை, தகுதிபெற்ற கேப்டனும் இல்லை, கண்காணிப்பாளரும் இல்லை.

விதி கேட்கும் எண்கள்

1978-இல் உருவாகி, 1995-இலும் 2010-இலும் திருத்தப்பட்ட, மாலுமிகளின் பயிற்சிக்கும் சான்றிதழுக்குமான எஸ்.டி.சி.டபிள்யூ உடன்படிக்கை அதிகாரிகளின் தகுதியை மாதங்களில் அளக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தோடு 12 மாதக் கடல் பணி, அல்லது அது இல்லாமல் 36 மாதம்: இது பிரிட்ஜில் தனிப் பொறுப்பேற்க. 3,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பலுக்குக் கேப்டனாக அதிகாரிப் பணியில் 36 மாதம்; அதில் 12 மாதம் சீஃப் மேட்டாக இருந்தால் 24 மாதம் போதும். சான்றிதழை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பயணிகள் கப்பலில் வேலை செய்வோருக்குக் கூட்டத்தை வழிநடத்துதல், நெருக்கடி மேலாண்மை ஆகிய தனிப் பயிற்சிகளும் உண்டு. ஆனால் ஓர் அதிகாரி இந்தக் கப்பலில், இந்தக் கால்வாயில் எத்தனை நாள் பழகியிருக்க வேண்டும் என்பதற்கு உடன்படிக்கையில் எண் கிடையாது. ஸ்காண்டிநேவியன் ஸ்டாரின் 6 நாளும் செவோலின் ‘முதல்முறை’யும் விழுந்த இடைவெளி இதுதான்.

ஒத்திகைக்கு எண் உண்டு. பயணிகள் கப்பலில் வாரம் ஒருமுறை கப்பலைக் கைவிடும் ஒத்திகையும் தீ ஒத்திகையும் நடக்க வேண்டும். ஆண்டுக்குத் தலா 52. ஒவ்வொரு பணியாளரும் மாதம் ஒருமுறையாவது பங்கேற்க வேண்டும், ஆண்டுக்கு 12. முந்திய மாதத்தில் அந்தக் கப்பலில் ஒத்திகை பார்க்காதவர்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால், துறைமுகம் நீங்கிய 24 மணி நேரத்துக்குள் ஒத்திகை கட்டாயம். இந்த 24 மணி நேரம் இன்னும் மாறவில்லை. பயணிகளுக்கு மூடப்பட்ட அந்த ஓட்டை, பணியாளர்களுக்குத் திறந்தே இருக்கிறது.

ஓய்வு நேரத்துக்கும் ஒரு கழித்தல் கணக்கு இருக்கிறது. எந்த 7 நாளிலும் குறைந்தது 77 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது விதி. வாரத்துக்கு 168 மணி நேரம். 168-இலிருந்து 77 போனால் 91. வாரத்துக்கு 91 மணி நேரம் வேலை வாங்குவது இந்த விதிப்படி குற்றமல்ல. இந்தியத் தொழிலாளர் சட்டத்தின் 48 மணி நேர வாரத்தைப்போல் இது 1.9 மடங்கு. கரையில் தறி ஓட்டுபவருக்கு மறுக்கப்படும் களைப்பு, நள்ளிரவில் ஆயிரம் பேரை ஏற்றிச் செல்பவருக்கு அனுமதிக்கப்படுகிறது.

இந்த ஒத்திகை விதிகளின் தாயான சோலாஸ் பன்னாட்டுப் பயணங்களுக்கே பொருந்தும். டோன்யா பாஸ், செவோல், குயின் ஆஃப் த நார்த், 2002-இல் 1,863 பேரைப் பலிகொண்ட செனகலின் ‘லே ஜூலா’ ஆகிய நான்கும் உள்நாட்டுத் தடங்களில் சென்றவை. நான்கின் பலி 6,555. கான்கார்டியா, ஸ்காண்டிநேவியன் ஸ்டார், ஹெரால்ட், 1994-இல் 852 பேரைப் பலிகொண்ட ‘எஸ்டோனியா’ ஆகிய நான்கும் பன்னாட்டுத் தடங்களில் சென்றவை, பலி 1,236. இது தேர்ந்தெடுத்த எட்டு விபத்துகளின் கூட்டல். உலகப் புள்ளிவிவரம் அல்ல. லே ஜூலாவிலும் டோன்யா பாஸிலும் அளவுக்கு மீறிய கூட்டமே பலியைப் பெருக்கியது. ஆயினும் 84.1 விழுக்காடு உயிர்கள் ஒரு பக்கம் நிற்பதைப் பார்க்காமல் விட முடியாது. உள்நாட்டுக் கப்பலுக்கு ஒத்திகை நடக்கிறதா என்று கேட்கும் பொறுப்பு அந்தந்த நாட்டின் கையில் இருக்கிறது.

எண்கள் சொல்லாதவை

பலி எண்ணிக்கையை மட்டும் வைத்து அதிகாரியின் திறமையை அளப்பது தவறு. 1991 ஆகஸ்ட்டில் தென்னாப்பிரிக்கக் கரையருகே மூழ்கிய ‘ஓஷியானோஸ்’ கப்பலில் இருந்த 571 பேரும் பிழைத்தனர், பலி பூஜ்யம். ஆனால் கேப்டன் முன்கூட்டியே ஹெலிகாப்டரில் ஏறிப் போய்விட்டார். மீட்பை ஒருங்கிணைத்தவர்கள் கப்பலின் இசைக்கலைஞர்கள். மறுபக்கம், எஸ்டோனியாவின் முன்முகப்புக் கதவு பெயர்ந்தபின் எந்தக் கேப்டனுக்கும் போதிய நேரம் கிடைத்திராது. 1:22-க்கு அபாய அழைப்பு, 1:50-க்குக் கப்பல் இல்லை, 28 நிமிடங்கள். 989 பேரில் பிழைத்தவர் 137. அங்கே முதல் குற்றவாளி பூட்டின் வடிவமைப்பு. பயிற்சி எல்லா விபத்தையும் தடுக்காது. கிடைக்கும் நிமிடங்களை வீணாக்காமல் இருக்கச் செய்யும்.

இனி வரவு செலவைக் கூட்டிப் பார்க்கலாம். செவோலைக் கடலடியிலிருந்து தூக்க 2015-இல் கொரிய அரசு போட்ட ஒப்பந்தம் 8,510 கோடி வொன். அளவுக்கு மீறிய சரக்கில் நிறுவனம் சம்பாதித்ததாகச் சொல்லப்படும் 296 கோடி வொன்னைப்போல் இது 28.75 மடங்கு. 2013-இன் பயிற்சிச் செலவைப்போல் சுமார் 1,57,300 மடங்கு. சம்பாதித்தது நிறுவனம், தூக்கியது வரி கட்டுபவர், இழந்தது 304 குடும்பங்கள். எந்தத் தணிக்கை அறிக்கையிலும் இந்த மூன்றும் ஒரே பக்கத்தில் வராது.

ஆகவே கோரிக்கை சிறியது. பயணிகள் கப்பல் நடத்தும் ஒவ்வொரு நிறுவனமும், உள்நாட்டுத் தடமானாலும், ஆண்டுக்கு ஒருமுறை நான்கு எண்களை வெளியிட வேண்டும்: ஒரு மாலுமிக்குச் செலவிட்ட பயிற்சித் தொகை, நடத்திய ஒத்திகைகளும் அவற்றில் பங்கேற்றோர் விழுக்காடும், பிரிட்ஜ் அதிகாரி ஒவ்வொருவரும் அந்தக் கப்பலிலும் அந்தத் தடத்திலும் கழித்த மாதங்கள், இரவு ஒத்திகையில் கப்பலைக் காலிசெய்ய எடுத்த நிமிடங்கள். இவற்றை அச்சிட ஒரு தாள் போதும். பயணச்சீட்டு விற்கும் இடத்தில் ஒட்ட ஒரு சுவர் போதும்.

பயணிக்கும் ஒரு வேலை உண்டு. கப்பல் ஏறியதும் உயிர்காப்பு அங்கி எங்கே, கூடுமிடம் எது, ஒத்திகை எப்போது என்று கேளுங்கள். பதில் சொல்ல அங்கிருப்பவர் தடுமாறினால் அதுவும் ஓர் எண்தான்: பயிற்சிக்கு அந்த நிறுவனம் எவ்வளவு செலவிட்டது என்பதை அது காட்டிவிடும். அதிகாரியின் திறமைக்கான விலையை நிறுவனம் முன்கூட்டிப் பணமாகக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பயணி உயிராகக் கொடுக்க நேர்கிறது. இதுவரை எழுதப்பட்ட பேரேடுகள் காட்டும் மீதி இதுவே.